பியானோவில் ஏறாத மெமரி கார்டு

போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய், மகன் பழகும் பழைய டிஜிட்டல் பியானோவைத் தூக்கிக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். புதிதாக வாங்கிய 64 ஜிபி மெமரி கார்டு போனில் வேலை செய்கிறது, பியானோவில் ஏறவில்லை.

கார்டில் பழுதில்லை. 2 ஜிபி வரை எஸ்.டி., அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்.டி.எச்.சி., அதற்கும் மேலே எஸ்.டி.எக்ஸ்.சி. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எக்ஸ்.சி. வகை 2009-ல்தான் வந்தது; அதற்கு முந்தைய கருவிக்கு அதைப் படிக்கத் தெரியாது. எச்.சி.யே 2006-ல் வந்ததுதான். எந்த வகை, எத்தனை ஜிபி என்று கையேட்டில் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். பிள்ளைக்குப் பெரிதாக வாங்கித் தர ஆசைதான். ஆனால் ஒரு பாட்டின் மிடி கோப்பு சில கிலோபைட்தான்.

படிக்கிறது, பதிவு மட்டும் ஆகவில்லை என்றால் கார்டின் பக்கவாட்டுப் பூட்டைத் தள்ளிப் பாருங்கள். புதுக் கார்டைப் பியானோவிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது. காசியோவின் பல மாடல்களில் பாட்டுக் கோப்பு 'மியூசிக்டேட்' என்ற ஃபோல்டருக்குள் இருந்தால்தான் கருவிக்குத் தெரியும்.

அந்தப் பியானோ எச்.சி. வரை ஏற்கும். அம்மாவின் பழைய போனிலிருந்த 4 ஜிபி கார்டை அடாப்டரில் வைத்துப் போட்டோம். ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது; பையன் பட்டனில் விரல் வைத்துவிட்டான். நல்லவேளை, தடுத்தோம். மௌத்தான அவன் அத்தாவின் குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. முதலில் அவற்றைக் கணினியில் நகலெடுத்தோம்.

உங்கள் கார்டுக்கும் நகல் எடுத்துத் தருகிறோம். அஸருக்குப் பின் வாருங்கள்.