இட்லிக் கொப்பரையில் பட்டுச் சாயம்

அன்புள்ள தம்பிக்கு,

பட்டில் ஆசிட் டை தீட்டிக் காயவைத்து அலசினால் பாதிச் சாயம் தண்ணீரோடு போகிறது, ஸ்டீமர் வாங்காமல் வழியில்லையா என்று கேட்டிருக்கிறாய். ஆவிதான் வேண்டும், இயந்திரம் கட்டாயமில்லை. ஒரு கிராம் நீராவி துணியில் பட்டு நீராகும்போது ஏறக்குறைய 540 கலோரி வெப்பத்தை விடுகிறது. அதே ஒரு கிராம் கொதிநீர் 30 பாகைக்கு ஆறினால் 70 கலோரிதான். சூடும் ஈரமும் சேர்ந்தே வருவதால் சாயம் கரைந்து இழைக்குள் புகுகிறது. பக்கவாட்டில் பரவும் அளவுக்கு நீர் இருப்பதில்லை. சாயத்தோடு சேர்க்கும் வினிகரின் புளிப்பு பட்டின் புரதத்துக்கு நேர்மின்னூட்டம் தர, எதிர்மின்னூட்டமுள்ள சாயம் அதைப் பற்றிக்கொள்கிறது. இஸ்திரிப் பெட்டி போதாதா என்றால், அதில் சூடு உண்டு, ஈரம் இல்லை. கொதிநீரில் போட்டால் ஓவியமே பானைக்குள் கரைந்துவிடும்.

மூடியின் ஓரத்தில் ஆவி வெளியேறும் எந்தப் பாத்திரத்திலும், விலை என்னவானாலும், சூடு 100 பாகைதான். ஊட்டியில் தண்ணீர் 93 பாகையை ஒட்டியே கொதித்துவிடும்; அங்கே கூடுதல் நேரம் வை. குக்கரில் 120 பாகை வருமே என்பாய். பட்டுக்கு அது தேவையில்லை. பட்டைச் சுற்றும் காகிதத்தின் துணுக்கு ஆவித்துளையை அடைத்தால் ஆபத்து வேறு. விலை கூடிய நெடிய ஸ்டீமரின் உண்மையான பலம் இடவசதி. முழுப் புடவையை இட்லிக் கொப்பரையில் திணித்தால் நடுமடிப்பு வேகாது. அதற்கு ஸ்டீமரே சரி. கைக்குட்டை, துப்பட்டா என்றால் கொப்பரை தாராளம்.

இங்கே எதிரி சொட்டும் நீர்தான். தட்டையான மூடியில் வேர்க்கும் நீர் நடுவில் திரண்டு நேரே துணியில் விழும்; ஒரு சொட்டு போதும், நீலம் மஞ்சளுக்குள் ஓடிவிடும். குவிந்த மூடியில் அது ஓரமாக வழியும். ஆகவே அச்சடிக்காத காகிதத்தைத் துணியின் மேல் விரித்து, பட்டும் பட்டும் தொடாதபடி தளர்வாகச் சுருட்டு. (பழைய செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.) தண்ணீருக்கு நன்றாக மேலே தட்டில் வை, பக்கச்சுவரில் படவிடாதே. பொட்டலத்தின் மேல் மடித்த துண்டு ஒன்று, மூடிக்கு உள்பக்கம் இறுக்கிக் கட்டிய துணி ஒன்று. தண்ணீர் கொதித்த பிறகே பொட்டலத்தை உள்ளே வை. அதிலிருந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். நடுவில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கு. ஆறியபின் குளிர்ந்த நீரில் அலசு. முதல் நீரில் கொஞ்சம் நிறம் வரத்தான் செய்யும். அது இடம் கிடைக்காத மிச்சச் சாயம். நான்காம் நீரிலும் அடர்த்தியாக வந்தால் ஆவி போதவில்லை, அல்லது புளிப்பு போதவில்லை.

இதற்கென ஒரு பழைய கொப்பரையை ஒதுக்கிவிடு. சாயம் ஏறியதில் அப்புறம் இட்லி அவிக்கக் கூடாது. அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டு எடு.

அன்புடன்,
அண்ணன்