மீன் எதை உண்டு வளர்ந்தது? அணுக்கள் தரும் விடை

ஓர் ஆற்று மீன் எதை உண்டது என்று அறிய, அதன் வயிற்றைத் திறந்து பார்க்கலாம். ஆனால், வயிற்றில் இருப்பது அண்மையில் உண்டது மட்டுமே. அதில் எவ்வளவு செரித்து உடலில் சேரும் என்பதும் தெரியாது. மீனின் தசையோ, பல வாரங்களாகச் செரித்த உணவால் உருவானது. அந்தத் தசையின் அணுக்களைக் கொண்டே உணவு வலையை ஆராய முடியும்.

பெரும்பாலான கார்பன் அணுக்களில் 6 புரோட்டான்களும் 6 நியூட்ரான்களும் உள்ளன. இது கார்பன் 12. ஏறக்குறைய நூற்றில் ஓர் அணுவில் மட்டும் ஒரு நியூட்ரான் கூடுதலாக இருக்கும். அது கார்பன் 13. இரண்டுமே கதிரியக்கம் அற்றவை, சிதையாதவை. ஆகவே, இவை நிலையான ஐசோடோப்புகள். நைட்ரஜனிலும் 14, 15 என இரண்டு உண்டு.

ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் எடை குறைந்த கார்பன் 12ஐயே விரைவாக ஏற்கின்றன. எனவே, அவற்றில் கார்பன் 13 சற்றுக் குறைவு. ஒரு பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்பதை எண்ணாகக் குறிப்பிடுவர். கரும்பு, சோளம், லாலாங் போன்ற புல்லினங்களுக்கு அது ஏறத்தாழ -13; மரங்களுக்கு -28. இவற்றை உண்ணும் விலங்கின் உடலில் இந்த எண் அதிகம் மாறுவதில்லை. ஆகவே, கார்பன் உணவின் மூலத்தைக் காட்டுகிறது.

நைட்ரஜன் காட்டுவது உணவுச் சங்கிலியின் படியை. விலங்குகள் கழிவில் நைட்ரஜன் 14ஐ அதிகம் வெளியேற்றுவதால், உடலில் நைட்ரஜன் 15இன் பங்கு கூடுகிறது. ஒரு படிக்குச் சராசரியாக 3.4 கூடும். பாசியின் எண் 4, மீனின் எண் 10.8 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 6.8. அதை 3.4ஆல் வகுத்தால் 2. அதாவது, பாசியை உண்ணும் உயிரியை இந்த மீன் உண்கிறது.

இனி அமேசான் ஆற்றுக்கு வருவோம். அதன் நடுப்பகுதியில் நீர்மட்டம் ஆண்டுதோறும் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். வெள்ளம் பரவும் சமவெளியில் மிதக்கும் புற்களும் மரங்களும் ஏராளம். நீரில் வாழும் நுண்பாசியோ குறைவு. அடிமண்டியை மேயும் மீன்கள் மக்கிய புல்லாலும் இலையாலும் வளர்கின்றன என்றே எண்ணத் தோன்றும்.

1986இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த ஆய்வு வேறு விடை தந்தது. அவற்றுள் பல மீன்களின் கார்பன் எண் மரங்களின் -28ஐயும் தாண்டிக் கீழே இருந்தது. புல்லையும் மரத்தையும் எப்படிக் கலந்தாலும் அந்த எண் வராது. சுமார் -33 கொண்ட நுண்பாசியே அதற்குக் காரணமாக முடியும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத பாசி, மக்கள் விரும்பி உண்ணும் மீன்களைத் தாங்கி நிற்கிறது.

இதனால் என்ன பயன்? கலங்கல் படிந்து, ஒளி புகும் வெள்ளச் சமவெளி ஏரிகளில் பாசி நன்றாக வளரும். ஆற்றுக்கும் அந்த ஏரிகளுக்கும் உள்ள தொடர்பை அணைகளோ கரைகளோ துண்டித்தால், மீன்வளமும் குன்றக்கூடும். எதைக் காக்க வேண்டும் என்பதை அறிய, உணவின் மூலம் தெரிந்திருக்க வேண்டும்.

சிந்தியுங்கள்: அதே ஆற்றில் ஒரு மீனின் கார்பன் எண் -28. அது மரத்தின் பழங்களையே உண்டு வாழ்ந்ததா? அல்லது முக்கால் பங்கு பாசியும் கால் பங்கு புல்லுமா? கணக்கிட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் ஒரே எண் வரும். உண்மையைக் கண்டறிய வேறென்ன சான்றுகளைத் தேடுவீர்கள்?