குடித்து வண்டி ஓட்டிய குற்றமும் வழக்கறிஞர் கடமையும்

வேதியியல் பயிலும் ஒருவன் சட்டத்தைப் பற்றி எழுதப் புகுவது உங்களுக்கு நகைப்பை விளைக்கலாம். சென்ற ஆண்டு வரை எனக்கும் நீதிமன்றத்திற்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. தொடர்பை உண்டாக்கியவர் என் பெரியப்பா மகன். அவரை அண்ணன் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் உள்ள சிற்றூர் கல்லாறு. அதற்கு மேல் 22 கொண்டையூசி வளைவுகள். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அண்ணன் அவ்வளைவுகளில் ஜீப் ஓட்டிப் பிழைக்கிறார். ஒரு நாள் மாலை சவாரியை முடித்து, இரவு ஏழு மணிக்கு நண்பர் வீட்டில் 60 மில்லி ரம் அருந்தினார். எட்டு மணிக்கு மேல் வெறும் வண்டியோடு வீடு திரும்புகையில் காவலர் நிறுத்தினர். கருவியில் ஊதச் சொன்னார்கள். 36 என்று சீட்டு வந்தது. கைது செய்து, பின்னர் ஜாமீனில் விட்டார்கள்.

அன்றிரவு எங்கள் வீட்டில் கூடிய உறவினர் பலரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: “நல்ல வக்கீலாகப் பிடி. குடிக்கவே இல்லை என்று சாதித்துவிடுவார்.” மறுநாள் விடுதியில் என் நண்பன் கேட்டதோ இதற்கு நேர்மாறானது: “குடித்தவனுக்கு வக்கீல் எதற்கு?” இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்கள் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. வழக்கறிஞர் என்றால் பொய்க்குத் துணை போகிறவர் என்றே இருசாராரும் எண்ணினர்.

நெடுமங்காட்டில் நாங்கள் கண்ட வழக்கறிஞர் ஓர் அம்மையார். அண்ணன் வாயைத் திறக்குமுன், “சீட்டு எங்கே?” என்றார். அடுத்து, “எத்தனை மணிக்குக் குடித்தீர்கள்? எவ்வளவு? என்னிடம் மறைத்தால் நீங்கள்தான் கெட்டுப் போவீர்கள்” என்றார். அண்ணன் உள்ளதைச் சொன்னார். அம்மையார் ஒரு தாளில் கணக்குப் போடத் தொடங்கினார். நான் அதைக் கண்டு வியந்தேன். ஏனெனில் அது எங்கள் பாடம்!

அக்கணக்கை இங்கே தருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்கிறது. 60 மில்லி ரம்மில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் உண்டு. சுவீடன் நாட்டு விட்மார்க் என்பார் வகுத்த சூத்திரப்படி, உடல் எடையை ஆண்களுக்கு ஏறத்தாழ 0.68ஆல் பெருக்கி, வந்த விடையால் ஆல்கஹாலின் எடையை வகுக்க வேண்டும். அண்ணன் எடை 60 கிலோ. ஆகவே 100 மில்லி இரத்தத்தில் சுமார் 50 மில்லிகிராம் வரும். இதில் ஈரல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராமை எரித்துவிடும். ஒரு மணி கழிந்தால் 35, சீட்டில் 36. “கருவி பொய் சொல்லவில்லை” என்றார் அம்மையார். அண்ணன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார்.

கருவியின் வரலாறும் சுவையானது. அமெரிக்காவில் போர்க்கன்ஸ்டைன் என்பார் 1954இல் அமைத்த கருவியில் அமிலங்கலந்த பொட்டாசியம் டைகுரோமேட் இருந்தது. மூச்சிலுள்ள ஆல்கஹால் பட்டதும் நிறம் மாறும். அம்மாற்றத்தை ஒளியால் அளப்பார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவனும் செய்யும் சோதனைதான். இன்றைய கருவிகள் பலவற்றில் ஆல்கஹால் பிளாட்டின மின்வாயில் எரிந்து மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. எதுவாயினும் அளப்பது மூச்சை, சொல்வது இரத்தத்தை. 2,100 பங்கு மூச்சில் உள்ளது ஒரு பங்கு இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்று கொண்டு கருவி பெருக்கிக் காட்டுகிறது. இவ்விகிதம் ஆளுக்கு ஆள் சிறிது மாறும். இப்போதுதான் குடித்தவன் வாயில் எஞ்சிய மதுவும் எண்ணை உயர்த்திவிடும். அதனால்தான் பதினைந்து நிமிடம் பொறுத்து ஊதச் செய்வது நல்ல முறை.

ஊதுவதற்கு முன் கருவி வெறுங்காற்றில் சுழியைக் காட்ட வேண்டும். இதனை வெற்றுச் சோதனை என்பர். தராசில் பண்டம் வைக்குமுன் முள் நடுவே நிற்கிறதா என்று பார்க்கிறோம் அன்றோ? 2025இல் திருவனந்தபுரத்து வழக்கொன்றில், வெற்றுச் சோதனை சுழி காட்டாத கருவியின் முடிவை ஏற்க இயலாது என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணனுடைய சீட்டில் சுழி சரியாகவே இருந்தது. அந்த வாயிலும் அடைபட்டது.

வாடை வீசியது, நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது என்று எழுதினால் மட்டும் போதாது என்பதை 1971இலேயே பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. இக்குற்றத்திற்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவர் சோதிக்க வேண்டும், இன்றேல் காவலிலிருந்து விடவேண்டும் என்பதும் சட்டம்.

இவையெல்லாம் குடிகாரர் தப்பிக்க வைத்த ஓட்டைகள் என்று என் விடுதி நண்பன் வாதாடினான். அவனுக்கு நான் நம் நகரத்து வழக்கொன்றையே விடையாகச் சொன்னேன். 2019 ஆகஸ்டு 3 பின்னிரவில், திருவனந்தபுரம் மியூசியம் காவல் நிலையத்திற்கு அருகே, இளம் பத்திரிகையாளர் கே. எம். பஷீர் கார் மோதி இறந்தார். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் இ.ஆ.ப. அதிகாரி. அவர் இரத்தம் எடுக்கப்பட்டதோ ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கழித்து! அதில் ஆல்கஹால் காணப்படவில்லை. மேலே சொன்ன கணக்கின்படி ஒன்பது மணி நேரத்தில் 135 மில்லிகிராம் மறைந்துவிடக் கூடும். அவர் குடித்திருந்தார் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. குடித்திருந்தாரா இல்லையா என்பதை இனி எந்த வேதியியலாராலும் சொல்ல இயலாது என்பதே கொடுமை. மரணம் விளைவித்த குற்றப் பிரிவைக் கீழ்நீதிமன்றம் 2022இல் நீக்கியது. உயர்நீதிமன்றம் 2023இல் அதனை மீட்டது. காலத்தில் அளந்திருந்தால், அவர் குற்றவாளியாயினும் அல்லராயினும், உண்மை நின்றிருக்கும். அளவை நெறி குடித்தவனுக்கு மட்டும் காவலன்று, இறந்தவனுக்கும் காவல்.

எல்லை மீறும் வழக்கறிஞரும் உண்டு. 1999இல் டெல்லியில் ஆறு பேரைக் கொன்ற கார் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் மூத்த வழக்கறிஞர் சாட்சியை வளைக்க முயன்றது 2007இல் தொலைக்காட்சியில் அம்பலமாயிற்று. அவர் செய்தது நீதிமன்ற அவமதிப்பு என்பதை 2009இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. எங்கள் உறவினர் தேடச் சொன்ன ‘நல்ல வக்கீல்’ அவ்வகையினர்தாம் போலும்!

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வென்றால்தான் கூலி என்று பேசுவதும், விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிப்பதும் வழக்கறிஞர் கழக விதிகளுக்கு மாறானவை. அப்படிப் பேசும் தரகர் நீதிமன்ற வாயிலில் நின்றால் ஒதுங்கிப் போங்கள். வறியவர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர்க்குத் தாலுகா சட்டப் பணிகள் குழுவின் வழியாக இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமை அது, பிச்சையன்று.

சரி, அண்ணனுக்கு வழக்கறிஞரால் என்ன பயன் என்கிறீர்களா? இனித்தான் அது வருகிறது. குற்றப்பத்திரிகை மலையாளத்தில் இருந்தது. மலையாளம் பேசுவாரேயன்றி அண்ணன் படிக்க அறியார். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்திட்டிருந்தார். மலையில் வாழும் நம்மவர் பலருக்கும் இதே கதிதான். அம்மையார் வரிவரியாகப் படித்துச் சொன்ன பின்னர்தான், குடித்து ஓட்டியதோடு, உயிருக்கு ஆபத்தாக ஓட்டினார் என்று நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும் சேர்க்கப்பட்டிருப்பது தெரிந்தது. வண்டியோ மெல்லத்தான் வந்தது; எவரையும் உரசவில்லை; சாட்சியும் இல்லை.

“குடித்தது உண்மை. அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஓட்டிய விதம் பற்றிச் சொல்வது உண்மையன்று. அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்” என்றார் அம்மையார்.

“இரண்டையும் ஒப்புக்கொண்டால் இன்றே முடிந்துவிடுமே, மேடம்?”

“முடியும். ஆனால் செய்யாத குற்றம் உங்கள் பெயரில் என்றைக்கும் இருக்கும்.”

நீதிமன்றத்தில் அண்ணன் அவ்வாறே சொன்னார். முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நீதிபதி அபராதத்தோடு விட்டார். மற்றக் குற்றம் விசாரணையில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். அம்மூன்று மாதமும் பக்கத்து வீட்டுப் பையன் ஜீப்பை ஓட்ட, அண்ணன் அருகில் அமர்ந்து 22 வளைவுகளையும் கால் பிரேக்கைத் தேடியபடியே கடந்தார். வாடகையில் பாதி அந்தப் பையனுக்குப் போயிற்று. அம்மையாரின் கட்டணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தோம். மூன்றுக்கும் ரசீது தந்தார்.