ரேடியேட்டரைக் கழற்றும் முன்



கோவையில் பழைய வண்டி வேலை பார்க்கும் ஷெட் எதிலும் என்றாவது ஒரு நாள் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று வந்து நிற்கும். வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-இல் தொடங்கிப் பத்து வருஷம் கட்டிய கார். எஞ்ஜின் 948 சிசி. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்ததும் ரேடியேட்டர் மறைப்பில்லாமல் கண்ணில் படும். மேல் டேங்கில் பச்சை பூத்திருக்கும். ஓரத்தில் எப்போதோ யாரோ அப்பிய எம்சீல் காய்ந்து வெடித்திருக்கும். ஓனர் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “வண்டி சூடாகுதுங்க, புது ரேடியேட்டர் போட்டுருங்க.”

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர் உடனே ஸ்பேனரை எடுப்பார். அனுபவமுள்ள மெக்கானிக் எடுக்க மாட்டார். வண்டியை ஓடவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது திறந்த மூடி என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

அவர் பார்ப்பது என்ன? தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் ஊதியிருக்கிறது. புது ரேடியேட்டர் போட்டாலும் அது நிற்காது. டைமிங் பின்தங்கியிருந்தால் வண்டி சூடாகும். ஃபேன் பெல்ட் வழுக்கினாலும் சூடாகும். வாட்டர் பம்பின் இறக்கைகள் துருவில் கரைந்து பாதியாகியிருக்கலாம். கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இல்லையென்றால், ரேஸ் கொடுக்கும்போது பம்பின் உறிஞ்சலில் ஹோஸ் சப்பிப்போகும். ஐடிலில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். இவை போக, எஞ்ஜின் பிளாக்குக்குள் பல வருஷத் துருச்சேறு பின்மூலையில் படிந்து கல்லாகியிருக்கும். பக்கவாட்டிலுள்ள தகட்டு பிளக்கைத் தட்டி எடுத்துக் கம்பி விட்டுக் குத்தினால்தான் அது வெளியே வரும். அதை எடுக்காமல் ரேடியேட்டருக்குப் புது கோர் (தண்ணீர் ஓடும் குழாய்த் தொகுப்பு) போட்டால், அந்தச் சேறு கொஞ்ச நாளில் புது கோரின் குழாய்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தெர்மோஸ்டாட் தனிக்கதை. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க” என்று கழற்றி வீசும் பழக்கம் கொங்கு நாட்டில் பரவலாக உண்டு. அது இல்லாத எஞ்ஜின் மலையிறக்கத்தில் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடும், எண்ணெய் குடிக்கும், சீக்கிரம் தேயும். அது ஒட்டிக்கொண்டு திறக்காமல் நின்றால் கொதிக்கும் என்பதும் உண்மைதான். வெந்நீரில் போட்டு, எத்தனை டிகிரியில் திறக்கிறது என்று பார்க்கக் கால்மணி நேரம் போதும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் ரேடியேட்டர் மேலேயே நின்றால், அகச்சிவப்பு தெர்மாமீட்டரை எடுத்துக் கோரின் முகத்தில் கட்டம் கட்டமாகக் காட்டுங்கள். வெப்பம் மேலிருந்து கீழே சீராகக் குறைந்து வர வேண்டும். நடுவில் திடீரென்று குளிர்ந்த பட்டை தெரிந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

குழாய் ஏன் அடைகிறது என்பதற்குப் பாதிப் பதில் நம்மூர்த் தண்ணீரில் இருக்கிறது. சிறுவாணி மென்தண்ணீர், ருசிக்குப் பேர்போனது. ஆனால் வழியில் நின்ற பழைய வண்டிகளுக்கெல்லாம் சிறுவாணியா கிடைத்தது? தோட்டத்து போர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஊற்றினார்கள். அதிலுள்ள சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து, குழாயின் உள்சுவரில் ஒட்டி, வருஷாவருஷம் தடித்தது. மெல்லிய படிவு போதும், பித்தளைச் சுவர் வழியே வெப்பம் வெளியேறுவது குறைந்துவிடும்.

மீதிப் பதில் மஞ்சள்தூள். ஒழுகும் ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சளைப் போடுவது லாரி டிரைவர்களின் பழைய கைவைத்தியம். ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது வேறு விஷயம். அதற்கு முன்பே அது எத்தனையோ ரேடியேட்டர்களைக் கரை சேர்த்திருக்கிறது. தண்ணீரோடு ஓடும் தூள் ஊசித்துளையில் போய்ச் சிக்கி அடைக்கும், வண்டி ஊர் வந்து சேரும். வந்து சேர்ந்த பிறகு அதை யாரும் கழுவி எடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். துளையை அடைத்தது போக மிஞ்சியது நல்ல குழாய்களையும் அடைக்கும். மேல் டேங்கைப் பிரிக்கும்போது பழுப்பும் மஞ்சளுமாகக் களி மாதிரி வந்தால், அந்த வண்டியின் பழைய பயணம் ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

இனி மேசைக்கு வருவோம். பழைய ரேடியேட்டரில் குழாயும் டேங்கும் பித்தளை, ஃபின் செம்பு, இணைப்பெல்லாம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. அந்தப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். அதனால் டார்ச்சின் தீநாக்கை ஒரே இடத்தில் நிறுத்தாமல் விளிம்போடு ஓட்டிக்கொண்டே போக வேண்டும். பற்று மினுங்கி ஓடும் அந்த நொடியில் கம்பி பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, டேங்கை நெம்பாமல் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்துக் குழாயின் பற்றும் சேர்ந்து இளகும். ஒரு ஒழுகலைச் சரிசெய்யப் போய் ஒன்பது ஒழுகல் வரும். டேங்கைத் தூக்கியதும் குழாய் வாய்கள் வரிசையாகத் தெரியும். அங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் பற்றையே அரிப்பு தின்றிருக்கிறது. தட்டையான ஸ்டீல் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் மேலிருந்து கீழே விட்டு எடுப்பதைத்தான் ராடு விடுவது என்கிறார்கள். நேர்குழாய் கோருக்கு மட்டும்தான் இது ஆகும். தேன்கூடு கோரில் பட்டையை விட இடமே கிடையாது.

அந்தத் தேன்கூட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1888-இல் பெர்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர வண்டியை ஓட்டிப் போனபோது, அதில் ரேடியேட்டர் என்று எதுவும் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். வழியெல்லாம் நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது. பன்னிரண்டு பதிமூன்று வருஷத்தில் வில்ஹெல்ம் மேபாக் 35 குதிரைசக்தி மெர்சிடிஸில் 8,070 சிறு சதுரக் குழாய்களை அடுக்கிப் பற்றவைத்து அந்தத் தொல்லையைத் தீர்த்தார். ஒவ்வொரு குழாயும் 6 மில்லிமீட்டர் சதுரம். கையால் அடுக்கியவர்களின் பொறுமையை நினைத்தால் இன்றைய வேலை ஒன்றுமே இல்லை.

நம் பக்கத்தில் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒற்றை பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அவர் பெயரில் அவினாசி சாலையில் இயங்கும் கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். பெயின்ட்டையும் பம்பரையும் விட்டுவிட்டு வண்டிகளின் முன்முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடங்கள். எந்தக் காலத்தில் ரேடியேட்டரே வண்டியின் முகமாக இருந்தது, எப்போது கிரில்லுக்குப் பின்னால் ஒளிந்தது என்பது தெரியும். முகமாக இருக்கும் வண்டியில் அதை மாற்றினால் வண்டியின் அடையாளமே போய்விடும்.

ஆகவே ரிப்பேரா, புதுசா என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது: பழைய டேங்கையும் பக்கச்சட்டத்தையும் வைத்துக்கொண்டு, கோரை மட்டும் மாற்றுவது. ஃபின்னைக் கட்டைவிரலால் மெல்ல வருடுங்கள். வளைந்தால் சீப்பு போட்டு நிமிர்த்தலாம். பொடியாக உதிர்ந்தால் அந்தக் கோரின் கதை முடிந்தது. ஒன்றிரண்டு குழாய் மட்டும் ஒழுகினால் இரண்டு முனையையும் பற்றவைத்து அடைத்துவிட்டு ஓட்டலாம். அதற்கு மேல் போனால் குளிர்விக்கும் பரப்பு குறையும்.

டேங்கே ஓட்டையானால் கவலை வேண்டாம். திருப்பூர் அனுப்பர்பாளையம் பித்தளை, செம்புப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். தகட்டை அடித்து வளைக்கும் கை அங்கே இருக்கிறது. பழைய டேங்கை மாதிரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, தகட்டின் கனத்தையும் ஹோஸ் வாயின் சாய்வையும் அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். விளிம்பு மடித்துப் பிடித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். வலுவைத் தருவது மடிப்பு. பற்றின் வேலை ஒழுகாமல் அடைப்பது. மடிப்பில்லாமல் பற்றை மட்டும் நம்பிய டேங்க் முதல் மலையேற்றத்தில் வாய் பிளக்கும்.

புது கோருக்கு ஆர்டர் கொடுக்கும்போது மூன்று வரிசை இருந்த இடத்தில் நாலு வரிசை கேட்கத் தோன்றும். தடித்த கோருக்குள் காற்று நுழைவது கடினம். எஞ்ஜினோடு ஓடும் பழைய ஃபேனுக்கு அது தாங்காது. ஃபேனுக்கும் கோருக்கும் உள்ள இடைவெளியும் போய்விடும். அலுமினிய ரேடியேட்டர் எடை குறைவு, நன்றாகவும் குளிர்விக்கும். தினமும் ஆபீஸுக்கு ஓட்டும் அம்பாஸடருக்கு ஓனர் அதைக் கேட்டால் மறுக்கக் காரணமில்லை. ஆனால் அது ஏறக்குறைய 600 டிகிரி உலையில் பற்றவைத்தது. ஒழுகினால் ஈயப்பற்று வைத்துச் சரிசெய்ய முடியாது. எலெக்ட்ரிக் ஃபேன் வைப்பதானால் இரண்டு விஷயம். கோரின் ஊடே பிளாஸ்டிக் டை குத்திக் கட்டாதீர்கள், ஆட்டத்தில் அது குழாயை அறுக்கும். பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த். வயரைப் பார்க்காமல் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, காற்றை எதிர்ப்பக்கம் தள்ளும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டி மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற தனிப் பதிவெண் உண்டு. சேஸிஸ், பாடி, எஞ்ஜின் ஆகியவற்றில் கைவைத்தால்தான் அங்கே பேச்சு வரும். ரேடியேட்டருக்காக முன்சட்டத்தை அறுக்கும் யோசனை வந்தால் அதை நினைவில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்று விட்டுக் குமிழி பாருங்கள். கம்ப்ரசர் இருக்கிறதே என்று முழு அழுத்தத்தையும் திறந்தால் டேங்க் உப்பிவிடும். மூடியில் பொறித்த அழுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே போதும். பழைய செம்பு-பித்தளைக்குப் பழைய ரகப் பச்சை கூலன்ட்டே சரி. நீண்ட ஆயுள் என்று விற்கும் ஆரஞ்சு ரகம் ஈயப்பற்றோடு ஒத்துப்போவதில்லை என்று பழைய வண்டிக்காரர்கள் அதை ஒதுக்குகிறார்கள். கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர். கூலன்ட்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். சிந்தியதை உடனே கழுவாவிட்டால் ஷெட் நாய் நக்கிச் செத்துப்போகும்.

சோதனை ஓட்டத்துக்கு ஊட்டியை விடச் சிறந்த இடம் பக்கத்தில் இல்லை. கல்லாறு தாண்டிக் குன்னூர் வழியாக ஏறினால் 2,240 மீட்டர். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அழுத்த மூடி இல்லாத மிகப் பழைய வண்டிகள் மலையில் திணறுவதற்கு ஏற்றத்தோடு இதுவும் ஒரு காரணம். 7 பவுண்டு மூடி சமவெளியில் கொதிநிலையை 111 டிகிரி அளவுக்கு உயர்த்தும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அந்தப் பலன் இல்லை. ஏறி இறங்கிய மறுநாள் காலை, குளிர்ந்த பிறகு, மட்டம் பார்த்து ஹோஸ் கிளிப்புகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.

கழற்றிய பழைய கோரைக் காயலான் கடைக்குப் போட்டால் செம்பு விலை கிடைக்கும்தான். போட வேண்டாம். வரிசை எத்தனை, அங்குலத்துக்கு ஃபின் எத்தனை என்று அடுத்து வருகிற மெக்கானிக் பார்க்க அது வேண்டும். சாக்கில் கட்டி, வண்டி நம்பர் எழுதி, ஓனர் வீட்டுப் பரணுக்கு அனுப்பிவிடுங்கள்.