புரதத்தின் விலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்ற கோடை விடுமுறையில் புதூரில் என் பெரியம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அவர்களுடைய மகன், எனக்கு அண்ணன், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்காக நாள்தோறும் விடியுமுன் எழுந்து ஓடுகிறார். மாலையில் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குகிறார். அங்கே யாரோ சொன்னார்கள் என்று 2,400 ரூபாய் கொடுத்து ஒரு கிலோ புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்று வாங்கி வந்துவிட்டார். பெரியம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். அந்தத் தொகை அவர்களுக்கு எட்டு நாள் கூலி. டப்பாவை என் கையில் கொடுத்து, "ஏயா, நம்ம வீட்டுல நீதான் காலேசுக்குப் போயிப் படிக்கிற. இது அம்புட்டுப் பெறுமா? இன்னொண்ணும் வேணுங்கான்" என்றார்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் வேதியியல் படிப்பதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. "பார்த்துச் சொல்கிறேன் பெரியம்மா" என்று தப்பித்து வந்தேன். அப்படிப் பார்த்ததையே இங்கு எழுதுகிறேன். நம் கல்லூரியிலும் இந்தப் பொடியைப் பையில் வைத்துக்கொண்டு வரும் நண்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் கோபிக்காமல் படிக்க வேண்டுகிறேன்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் சங்கிலி போல் கோத்து அமைந்த பெரிய மூலக்கூறு. 'முதன்மையானது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 1838-இல் அதற்குப் பெயர் வந்தது. நம் உடல் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 9-ஐ உடலால் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவுதான் தர வேண்டும். எந்தப் புரதத்தை உண்டாலும் அது குடலில் உடைந்து பெரும்பாலும் அமினோ அமிலங்களாகவே இரத்தத்தில் கலக்கிறது. லைசின் கடலையிலிருந்து வந்ததா, டப்பாவிலிருந்து வந்ததா என்று தசை விசாரிப்பதில்லை.

அந்த டப்பாவில் இருப்பது என்ன? பால் திரிந்தால் கட்டியிலிருந்து பிரியும் வெளிர்மஞ்சள் தெளிநீரை எல்லோரும் பார்த்திருப்போம். மேலை நாடுகளில் பாலாடைக்கட்டி செய்யும் ஆலைகளில் இந்த நீர் மலைமலையாய் மிஞ்சும். ஒரு காலத்தில் அதைப் பன்றிக்கு ஊற்றினார்கள், ஆற்றிலும் விட்டார்கள். பின்னர் மெல்லிய சவ்வுகளின் வழியே வடிகட்டிப் புரதத்தை மட்டும் பிரித்து உலர்த்தும் முறை வந்தது. பாலிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தெளிநீரில் இருக்கிறது. இதுவே 'வே புரோட்டீன்'. நல்ல புரதம்தான், அதில் எனக்கு ஐயமில்லை. விலையில்தான் ஐயம்.

எவ்வளவு புரதம் தேவை என்பதை முதலில் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். (இந்நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஓர் சிறிய ஆய்வறையில் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.) அண்ணனின் எடை 60 கிலோ, ஆகவே 50 கிராம். எடை தூக்குவோருக்கு இது போதாது. 49 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018-இல் வெளியான ஒரு கட்டுரை, கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் தென்படவில்லை என்கிறது. அந்த உச்ச அளவை வைத்தாலும் அண்ணனுக்கு 96 கிராம்.

அவர் உண்பதை ஒரு வாரம் கூட இருந்து குறித்தேன். சோற்று அரிசி 400 கிராம் என்றால் அதில் புரதம் 28 கிராம். சாம்பாரில் விழும் பருப்பு 7 கிராம் தரும். மோரும் மற்றவையும் ஐந்து. மொத்தம் 40. ஆக அவருக்குக் குறைவு இருப்பது உண்மையே. பயிற்சிக்காரர் கணக்கில் பார்த்தால் 50 கிராமுக்கு மேல் குறைகிறது. டப்பா தேவையில்லை என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட நினைத்திருந்த எனக்கு இது முதல் அடி.

அடுத்து விலை. பத்து ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம் என்று ஒரே அளவுகோலில் பார்த்தேன். டப்பாவில், அதன் மேல் அச்சிட்டுள்ள எண் மெய்யென்று கொண்டால், 30 கிராம் பொடிக்கு 24 கிராம் புரதம். பத்து ரூபாய்க்கு 3.3 கிராம் கிடைக்கிறது. லிட்டர் 50 ரூபாய்க்கு வாங்கும் பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல். ஏழு ரூபாய் முட்டையில் எட்டரை. கிலோ 140 ரூபாய் நிலக்கடலையில் 18. பொரிகடலையிலும் பாசிப்பயற்றிலும் அதே 18. எண்ணெய் எடுத்த சோயாவில் செய்யும் மீல்மேக்கர் எல்லாவற்றையும் மிஞ்சி 28 கிராம் தருகிறது. விலைகள் நம் கடைத்தெருவில் நான் கேட்டறிந்தவை. ஊருக்கு ஊர் சிறிது மாறும்.

இந்த இடத்தில் உயிர்வேதியியல் படிக்கும் நண்பன் குறுக்கிட்டான். "கிராமை மட்டும் எண்ணினால் போதுமா? தரம் வேண்டாமா?" என்றான். அவன் சொன்னது சரி. செரிமானத்தையும் அவசியமான அமினோ அமிலங்களின் அளவையும் சேர்த்து மதிப்பிடும்போது பால் தெளிநீர்ப் புரதமும் முட்டையும் முழு மதிப்பெண் பெறுகின்றன; நிலக்கடலை ஏறக்குறைய பாதிதான் பெறுகிறது. ஆகவே கடலையின் 18 கிராமை 9 என்றே கொள்வோம். அப்போதும் டப்பாவைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல்.

தரக்குறைவு என்பதும் தனியாகத் தின்றால்தான். அரிசியிலும் கம்பிலும் சோளத்திலும் லைசின் குறைவு. பயறு வகைகளில் அது நிறைய. பயற்றில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் போதிய அளவு இருக்கிறது. ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்புகிறது. நம் கரிசலில் மழையை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பாசியும் விதைத்தவர்கள் அமினோ அமிலம் படித்தவர்களல்லர். ஆயினும் கம்பஞ்சோற்றுக்குப் பயற்றங்குழம்பு ஊற்றினார்கள்; அரிசியோடு உளுந்தை அரைத்து இட்லி ஊற்றினார்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாயை இதில் சேர்க்கலாமா என்று என் தங்கை கேட்டாள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பண்டத்தை விட்டுக்கொடுக்க மனமில்லைதான். ஆனால் வெல்லம் சேர்வதால் அதில் புரதத்தின் பங்கு குறைந்துவிடுகிறது. ஓடி முடித்து வந்தவன் ஒன்றிரண்டு தின்னலாம்.

இரண்டு முட்டை, 50 கிராம் கடலை, 50 கிராம் பொரிகடலை, 30 கிராம் மீல்மேக்கர். இவற்றில் 51 கிராம் புரதம். செலவு 33 ரூபாய். டப்பாவில் இதே அளவுக்கு இரண்டு கரண்டிப் பொடி வேண்டும்; செலவு 144 ரூபாய். அப்படிக் குடித்தால் 2,400 ரூபாய் டப்பா பதினாறே நாளில் காலி. மாதத்துக்கு ஒரு பக்கம் ஆயிரம் ரூபாய், மறுபக்கம் 4,300 ரூபாய். ஆயிரம் ரூபாயும் பெரியம்மாவுக்கு எளிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். நானும் அண்ணனும் பள்ளியில் சத்துணவு முட்டை தின்று வளர்ந்தவர்கள். மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் 1956-இல் தொடங்கி வைத்தது நம் எட்டயபுரத்தில்தான். பத்தாம் வகுப்போடு எங்களுக்கு அந்த முட்டை நின்றது. அதன் அருமை இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது. முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிப்போருக்கும் ஒரு சொல்: வெந்த முட்டையின் புரதத்தில் 90 விழுக்காடு செரிக்கிறது என்றும், பச்சை முட்டையில் பாதிதான் செரிக்கிறது என்றும் அளந்து கண்டிருக்கிறார்கள்.

டப்பாவின் மேலுள்ள எண்ணை மெய்யென்று கொண்டேன் என்றேன். வேதியியல் மாணவனுக்கு அதிலும் ஒரு கேள்வி எழ வேண்டும். புரதத்தை நேரே அளப்பது கடினம். 1883-இல் கோபன்ஹேகன் நகரில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கெல்டால் வகுத்த முறைப்படி நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று அச்சோதனைக்குத் தெரியாது. மெலமைன் என்னும் பிசின் தொழிற்பொருளில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் சேர்த்தால் நான்கு கிராம் புரதமாகக் கணக்கில் ஏறும். 2008-இல் சீனாவில் பால்பொடியில் இதைக் கலந்ததால் ஆறு குழந்தைகள் இறந்தன. ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. நம் நாட்டிலும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வொன்றில், ஏறக்குறைய 70 விழுக்காட்டுப் பொடிகளில் அச்சிட்ட அளவும் உள்ளிருந்த அளவும் பொருந்தவில்லை.

எங்கள் பேராசிரியரின் அனுமதியுடன் ஆய்வுக்கூடத்தில் அண்ணனின் பொடியையும், பொரிகடலை மாவை ஊறவைத்து வடித்த நீரையும் தனித்தனிச் சோதனைக் குழாயில் எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடும் நீர்த்த மயில்துத்தக் கரைசலும் சேர்த்தேன். இரண்டும் ஊதா நிறம் காட்டின. பையூரெட் சோதனை புரதம் உண்டு என்பதைத்தான் சொல்லும். நான் செய்த விதத்தில் எவ்வளவு என்று சொல்லாது. எனினும் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மலிவானது என்பதற்காகக் கடலையைக் கண்ணை மூடி வாங்கவும் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம், தீவனத்தில் இருந்த பூஞ்சைபிடித்த கடலைப் புண்ணாக்கு. அதிலிருந்துதான் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டது. பூத்த கடலை, சுருங்கிய கடலை, கசக்கும் கடலை ஆகியவற்றை எறிந்துவிட வேண்டும். மேற்சொன்ன 36 பொடிகளிலும் சிலவற்றில் இதே நஞ்சு இருந்தது என்பது வேறு கதை.

மலிவுப் புரதப் பொடி என்பதும் புதிதன்று. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950-களிலேயே மூன்று பங்கு எண்ணெய் எடுத்த கடலைமாவும் ஒரு பங்கு பொரிகடலை மாவும் கலந்து, உயிர்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்து ஒரு பொடி ஆக்கியது. அதில் புரதம் 42 விழுக்காடு. அப்போது உலகமே புரதப் பற்றாக்குறை என்று பேசிக்கொண்டிருந்தது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், புள்ளியியலாளர் சுகாத்மே போன்றோர், நம் ஏழைக் குழந்தைகளுக்குக் குறைவது புரதம் மட்டுமன்று, வயிறு நிறைய உணவே குறைகிறது என்று எடுத்துரைத்தனர். 1974-இல் லான்செட் மருத்துவ இதழில் மெக்லாரன் என்பவர் புரதப் பற்றாக்குறைக் கூச்சலையே பெருந்தவறு என்று எழுதினார்.

இதன் காரணத்தைப் படித்தபோதுதான் பெரியம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்தது. உடலுக்கு முதல் தேவை எரிபொருள். அது போதாதபோது உண்ட புரதத்தின் அமினோ தொகுதியைக் கழற்றி யூரியாவாக்கி வெளியேற்றிவிட்டு, மிச்சத்தை உடல் எரித்துவிடுகிறது. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. அண்ணன் வெறும் வயிற்றோடு ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 300 கலோரி. வந்தவுடன் ஒரு கரண்டிப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறார். அதில் இருப்பதே 120 கலோரிதான். பிறகு மதியம் வரை ஒன்றுமில்லை. சந்தனக் கட்டையை வாங்கி வந்து அடுப்பில் வைப்பது போன்றது இது.

மெல்ல இயலாத முதியோர், மருத்துவர் எழுதிக் கொடுத்த நோயாளிகள், உண்ண நேரமே இல்லாத போட்டி வீரர்கள் ஆகியோருக்கு இப்பொடி உதவும். சுமக்கவும் கலக்கவும் எளிது. சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக் கூடாது. மற்றவர்கள் உடலைப் பெருக்க இதை நாட வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் கூறியிருக்கிறது.

காலாண்டு விடுமுறையில் பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். மெலமைனையும் மைசூரையும் அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஓட்டக் கணக்கைச் சொன்னதும், "அப்போ காலையில ஒண்ணும் திங்காம ஓடுறானே, அதுதான் தப்பு. அதை நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்கள். நான் ஐந்து மாதம் படித்து வந்ததை அவர்கள் அன்றே சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அண்ணன் ஓடிவிட்டு வந்ததும் கம்பங்கஞ்சியும் இரண்டு அவித்த முட்டையும் சாப்பிடுகிறார். சட்டைப்பையில் கடலை இருக்கிறது. பயறு தின்றால் வயிறு ஊதுகிறது என்று முதலில் குறைப்பட்டார். ஊறவைத்து முளைகட்டிய பிறகு பரவாயில்லை என்கிறார். டப்பாவில் மீதமிருந்ததையும் வீணாக்காமல் குடித்து முடித்தார். அடுத்த டப்பா வாங்கவில்லை. தேர்வுத் தேதி இன்னும் வரவில்லை.