மலையுணவும் மறதி நோயும்

கல்வராயன் மலையிலிருந்து வந்து நம் துறையில் பயிலும் மாணவர் ஒருவர், தம் ஆயாவுக்குப் பெற்ற பிள்ளைகளின் பெயர்களே மறந்து வருவதாகக் கூறி வருந்தினார். சாமையும் கொள்ளும் மூளை அணுக்களைக் காக்கும் என்று பொடி விற்போர் சொல்வது மெய்தானா எனவும் வினவினார். அறிவியல் துறையாரைக் கேட்டிருக்கலாம், தமிழாசிரியரிடம் கேட்டுவிட்டார். ஆகவே இலக்கணத்திலிருந்தே விடையைத் தொடங்குவோம்.

அமினோ அமிலத்தை எழுத்து எனக் கொண்டால், சில எழுத்துகள் சேர்ந்த சொல்லே பெப்டைடு, புரதமோ நெடுந்தொடர். இரைப்பையில் பெப்சினும் சிறுகுடலில் டிரிப்சினும் அத்தொடரைப் பிரிக்கின்றன. ‘தாமரை’ என்னும் பொதுமொழி ‘தா மரை’ எனப் பிரிந்தால் பூ மறைந்து தாவும் மான் தோன்றுகின்றதன்றோ? அவ்வாறே, புரதத்துள் அடங்கியிருந்தபோது இல்லாத செயல், பிரிந்த பெப்டைடுக்குச் சில வேளை வாய்க்கிறது. அக்ரூட், சோயா முதலியவற்றின் பெப்டைடுகள், ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுக்களிலும் எலிகளிலும் ஆக்சிஜனேற்றச் சிதைவையும் அழற்சியையும் குறைத்துள்ளன.

ஆனால் ஆய்வகக் குடுவை வேறு, ஆயாவின் மூளை வேறு. உண்ட பெப்டைடு குடலில் மேலும் சிதைகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்துச் சொற்களே குடற்சுவரை முழுமையாகக் கடக்கின்றன. அப்பால் குருதிக்கும் மூளைக்கும் இடையே கடுங்காவலான தடுப்பு ஒன்றுண்டு. 1906இல் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்த மறதி நோய்க்குத் தாவர உணவுப் பெப்டைடு எதுவும் மருந்தாக ஏற்கப்படவில்லை. எனவே, பொடிக்குக் காசு கொடுக்க வேண்டா என்றோம். தைராய்டுச் சுரப்புக் குறைவாலும் பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும் மறதி வரக்கூடும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. பி12 சாமையிலும் இல்லை, கொள்ளிலும் இல்லை!

அங்ஙனமாயின் மலையுணவு வீணோ? அன்று. கள்ளக்குறிச்சிப் பக்கத்து நிலங்களில் இன்று மரவள்ளி மிகுந்து, கிழங்கு சவ்வரிசி ஆலைக்கும் மாவு ஆலைக்கும் போகிறது. விற்பனைக்கு அது நன்று. கிழங்கே முழு உணவாதல் வேறு. காங்கோ நாட்டில் 1938இல் விவரிக்கப்பட்ட ‘கொன்சோ’ என்னும் நோயில் கால்கள் திடீரென விறைத்து முடங்கும், பின் மீளா. கசப்பு மரவள்ளியைச் சரிவரப் பதப்படுத்தாமல், புரதம் மிகக் குறைந்த உணவோடு நெடுநாள் உண்டோரையே அது தாக்கியது. கிழங்கின் சயனைடை முறிக்கக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் உடலுக்கு வேண்டும். நூறு கிராம் மரவள்ளியில் புரதம் ஏறத்தாழ 1 கிராம். கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம். கொள்ளில் குறைவான கந்தக அமிலத்தைத் தானியம் நிரப்பும். தானியத்தில் குறைவான லைசினைக் கொள்ளு நிரப்பும். சாமைச் சோற்றுக்குக் கொள்ளுக் குழம்பு ஊற்றியவர் இதனைப் படித்தறிந்தவர் அல்லர்.

மறுவாரம் அம்மாணவரின் விடுப்பு விண்ணப்பம் வந்தது. ஆயாவைக் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகக் காரணம் எழுதியிருந்தார். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன, திருத்தாமலே ஒப்பமிட்டோம்.