ஊர் கூடிக் கணித்தல்

பழனிமலைத் தொடரின்மேல், கோடைக்கானலில், ஞாயிற்றை ஆராயும் வானாய்வகம் ஒன்று 1899ஆம் ஆண்டு முதல் விளங்கி வருகின்றது. கதிரவனின் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கிப் பாய்வதை எவர்செட் என்னும் அறிஞர் அங்கே 1909இல் கண்டறிந்தார். கணிப்பொறி இல்லாத காலம் அது.

இக்காலத் தொலைநோக்கிகள் தரும் செய்திகளோ மலைபோற் குவிகின்றன. அவற்றைச் சிறு கூறுகளாக்கி, உலகெங்கும் வீடுகளில் வாளா இருக்கும் கணிப்பொறிகளுக்கு அனுப்புவர். பழனித் தேரின் வடத்தைப் பலர் பற்றி இழுப்பது போன்றது இது. ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ என்னும் திட்டத்தில், அமெரிக்கரும் செருமானியரும் உவந்து ஈந்த கணிப்பொறிகளால், துடிப்பு விண்மீன் ஒன்று 2010இல் புலப்பட்டது.

இத்தொண்டில் புதிதாய்ப் புகுவோர்க்கென, மென்பொருளை நிறுவும் முறையை முன்பே சேர்ந்தோர் எழுதி வைப்பர். எழுதியதோடு கடமை தீர்ந்ததென எண்ணுவர் சிலர். பிற உலகங்களில் அறிவுடைய உயிர் உண்டோ எனத் தேடிய ‘செட்டி அட் ஹோம்’ 1999இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. 2020 மார்ச்சுத் திங்களோடு வேலை அனுப்புதலை நிறுத்திற்று. பழைய குறிப்பை நம்பி இன்று அதில் சேரும் மாணவனின் கணிப்பொறி வேலையின்றிக் காத்துக் கிடக்கும். பிழை தன்னுடையதே என்று கருதி அவனும் விலகிவிடுவான். ஆர்வமுள்ள ஒருவனை இழப்பது சிறு இழப்பன்று.

ஆதலின் குறிப்பைத் திருத்துவோர் தம் நினைவை நம்பலாகாது. மென்பொருள் இல்லாத கணிப்பொறி ஒன்றில், எழுதியவாறே ஒவ்வொரு படியையும் செய்து பார்த்தல் வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படும் மலையூரார்க்கு, செய்த கணக்கை இடையிடையே சேமிக்கும் அமைப்பை விளக்குதல் இன்றியமையாதது. திருத்திய நாளைக் குறிப்பின் தலைப்பிலேயே பொறித்தல் நன்று.